வெள்ளை மாத்திரை, காலையில் ஒண்ணு

வெள்ளானூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஆவடியைத் தாண்டி வடக்கே வந்தால் எங்கள் ஊர். டாங்க் ஃபேக்டரியிலும் படை உடை தொழிற்சாலையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், வேல்டெக்கில் படிக்கிற பிள்ளைகள், தலைமுறையாக இங்கேயே இருக்கிற ஊர்க்காரர்கள் என்று கடைக்கு எல்லா விதமான ஆட்களும் வருவார்கள். காய்ச்சல் மாத்திரையும் கால்வலித் தைலமும் விற்றுக்கொண்டிருந்த கடையில் நாளடைவில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. சர்க்கரை நோயோடு விமானம் ஏறப் போகிறவர்களைத் தயார்ப்படுத்தி அனுப்புகிற வேலை.

மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா போகிற அம்மா, பேரனைப் பார்க்கச் சிங்கப்பூர் போகிற தாத்தா, துபாயில் வேலைக்குச் சேரப் போகிற ஐ.டி.ஐ. படித்த தம்பி, மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிற மாணவி. இவர்கள் என்னிடம் வந்து நிற்பது கடைசிக் கட்டத்தில்தான். விசா, டிக்கெட், ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் முடிந்திருக்கும். "ஆறு மாசத்துக்கு சுகர் மாத்திரை கட்டிக் குடும்மா" என்பார்கள்.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்பேன்.

"வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு. நீட்டு மாத்திரை ரெண்டு வேளை. ராத்திரிக்கு ஒரு பொடி மாத்திரை."

இந்தத் தொழிலில் நான் அதிகம் கேட்ட பதில் இதுதான். வருடக்கணக்காக விழுங்குகிற மாத்திரைக்கு நிறமும் நீளமும் மட்டுமே அடையாளம். இதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் இருக்கிறவரை அது போதும். மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்பது மனைவிக்குத் தெரியும். எட்டரை மணிக்கு இட்லி தட்டுக்கு வந்துவிடும். தலை சுற்றினால் எதிர்வீட்டுக்காரர் வந்துவிடுவார். மாத்திரைச் சீட்டு தொலைந்தால் என் கடைப் பதிவேட்டில் இருக்கும். ஒருவருடைய சர்க்கரையை அவர் மட்டும் பார்த்துக்கொள்வதில்லை. வீடும் தெருவும் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன. விமானம் ஏறும்போது வீடும் தெருவும் கூட வருவதில்லை. அதுவரை மற்றவர்கள் அறிந்து வைத்திருந்ததை நோயாளியின் கையிலேயே கொடுத்து அனுப்புவதுதான் பயணத் தயாரிப்பு என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று அது சொன்னது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். மீனம்பாக்கத்தில் இரவு ஏறுகிற ஒவ்வொரு பெரிய விமானத்திலும் இப்படிப் பல பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் மாத்திரையின் பெயர் தெரியும் என்பதுதான் என் கவலை.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த மாதத்தின் முதல் வேலை, தங்கள் டாக்டரிடம் போய் ஒரு பக்கக் கடிதம் வாங்குவது. ராயபுரம் எம்.வி. மருத்துவமனையில் பல காலமாகப் பார்க்கிற குடும்பங்கள் இந்தப் பக்கம் உண்டு. சென்னையில் சர்க்கரை நோய்க்கென்று தனி மருத்துவம் வேரூன்றக் காரணமான டாக்டர் எம். விஸ்வநாதன் 1954-இல் தொடங்கிய மருத்துவமனை அது. அவர்கள் கையில் தலையணை கனத்துக்கு ஃபைல் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். நோயின் பெயர், மருந்துகளின் மூலப்பெயர், அளவு, எந்த வேளை, ஊசி போடுகிறவர் என்றால் ஊசியும் மருந்தும் கைப்பையில் இருக்க வேண்டும் என்ற ஒரு வரி. ஆங்கிலத்தில், டாக்டரின் கையெழுத்து, பதிவு எண்ணோடு. இவ்வளவு போதும்.

மூலப்பெயர் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அது நம் நாட்டோடு சரி. கீழே சிறிய எழுத்தில் இருக்கிற மெட்ஃபார்மின், கிளைமிபிரைடு போன்ற பெயர்தான் எந்த ஊர் டாக்டருக்கும் புரியும். நாம் இங்கே சாதாரணமாகச் சாப்பிடுகிற சில மருந்துகள் அங்கே கிடைக்கவே கிடைக்காது. வில்டாக்ளிப்டினும் வோக்ளிபோஸும் என் கடையில் தினமும் போகிற சரக்கு; அமெரிக்க மருந்துக்கடைகளில் இரண்டும் இல்லை. மூன்று மருந்தை ஒன்றாய்ச் சேர்த்த மாத்திரைகளும் நம் ஊரில் அதிகம். பை தொலைந்து போய், அங்குள்ள டாக்டரிடம் "வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. மூலப்பெயரும் மில்லிகிராமும் சொன்னால் அதே குடும்பத்தில் வேறொன்றை அவர் எழுதித் தருவார்.

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் வந்த பிறகு நிறையப் பேருக்கு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஏழைக் குடும்பங்களில் மருந்தை நிறுத்தாமல் சாப்பிட வைத்த திட்டம் அது. அதன் பலனை இந்தத் தெருக்களில் கண்ணால் பார்க்கிறேன். அந்த மாத்திரைகளைக் கொண்டுபோகிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை நேரில் போய் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டிக்கொண்டு போகக் கூடாது. பெயரும் காலாவதித் தேதியும் அட்டையில்தான் இருக்கின்றன.

வளைகுடாவுக்குப் போகிறவர்களிடம் இன்னொரு பெயரைத் தேடுவேன்: ப்ரிகாபாலின். சர்க்கரையால் நரம்பு பாதித்து, உள்ளங்கால் எரிகிறவர்களுக்கு இங்கே பரவலாக எழுதப்படுகிற மருந்து. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அங்குள்ள அரசிடம் இணையம் வழியாக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பிரிட்டனிலும் 2019 ஏப்ரலிலிருந்து அது கட்டுப்பாட்டில்தான். காலெரிச்சல் மாத்திரைக்காக ஒருவர் ஏர்போர்ட்டில் கைகட்டி நிற்கக் கூடாது. இதைச் சொல்ல வேண்டிய இடத்தில் மருந்துக்கடைக்காரர்தான் இருக்கிறார். அமெரிக்காவுக்குப் பொதுவாக மூன்று மாத அளவுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம் என்பது அங்குள்ள வழிகாட்டல். ஆறு மாதம் தங்குகிறவர்கள் மீதிக்கு என்ன வழி என்பதைப் பிள்ளைகளோடு இங்கிருந்தே பேசி முடிவு செய்ய வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்களை உட்கார வைத்துத்தான் பேசுவேன். நம் நாட்டில் குப்பியில் வருகிற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. அமெரிக்கா, ஐரோப்பா, சிங்கப்பூர் எங்கு போனாலும் பெரும்பாலும் 100 யூனிட்தான். அந்தச் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இங்கிருந்து குப்பியைக் கொண்டுபோய், சிரிஞ்சை மட்டும் அங்கே வாங்கினால் வினை. 100 சிரிஞ்சில் 20 கோடு வரை நம் 40 மருந்தை இழுத்தால் உடம்புக்குப் போவது 8 யூனிட்தான். தலைகீழாக, அங்கே வாங்கிய 100 மருந்தை நம் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட். அது உயிருக்கே ஆபத்து.

டாங்க் ஃபேக்டரியில் அளவுக்கருவிகளோடு ஆயுளைக் கழித்த ஒரு பெரியவருக்கு இதை விளக்கத் தொடங்கினேன். இரண்டு சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "ஸ்கேல் வேற, லிக்விட் வேற. ரெண்டும் ஒரே செட்டா இருக்கணும். அவ்ளோதானம்மா?" என்றார். நான் அரை மணி நேரத்தில் சொல்ல நினைத்ததை அவர் ஒரு வாக்கியத்தில் சொன்னார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் வாக்கியத்தையே சொல்கிறேன். மருந்தும் சிரிஞ்சும் ஒரே செட்டாக, தேவைக்கு இரண்டு மடங்காக, இங்கிருந்தே போகட்டும். இன்சுலின் பேனாவுக்கு மாற முடியுமா என்று டாக்டரைக் கேட்கவும் சொல்வேன். பேனா மருந்து பெரும்பாலும் 100 யூனிட், அளவைச் சிரிஞ்சில் பார்த்து இழுக்க வேண்டியதும் இல்லை.

அந்த இரண்டு மடங்கை இரண்டு கைப்பைகளில் பிரித்து வைக்க வேண்டும். கணவனும் மனைவியும் போனால் ஆளுக்கு ஒன்று. செக்-இன் பெட்டியில் இன்சுலின் போகவே கூடாது. பெட்டி தவறிப் போகலாம். கீழே அதற்கு எவ்வளவு குளிர், எவ்வளவு வெயில் என்று யாருக்கும் கணக்கில்லை. உறைந்து போன இன்சுலின், உருகிய பிறகு பார்க்கத் தெளிவாக இருந்தாலும் உதவாது. எறிந்துவிட வேண்டியதுதான்.

பலர் பனிக்கட்டிப் பைக்குள் மருந்தைப் புதைத்து எடுத்து வருவார்கள். அவ்வளவு பயம் தேவையில்லை. திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்து பயன்படுத்துகிற மருந்தில் பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் தாங்கும். விமானத்துக்குள் குளிர் போதும். உண்மையான ஆபத்து மே மாத வெயிலில், வெளிவட்டச் சாலையில் போகிற காரின் டிக்கியில் இருக்கிறது. மருந்துப் பை மடியில் இருக்கட்டும். குளிர் ஜெல் வைத்தால் மருந்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு துண்டு சுற்றுங்கள். விமானப் பணிப்பெண்ணிடம் கொடுத்து ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்ல வேண்டாம். மறந்து இறங்கிவிடுவீர்கள், அல்லது அது உறைந்துவிடும்.

பாதுகாப்புச் சோதனையை நினைத்துத்தான் பெரியவர்கள் அதிகம் கலங்குகிறார்கள். ஊசியைப் பார்த்தால் பிடித்துக்கொள்வார்களோ என்று. மருந்து, சிரிஞ்சு, சர்க்கரை பார்க்கிற மீட்டர் எல்லாம் கடிதத்தோடு ஒரே பையில் இருந்து, "டயபெடிக், இன்சுலின்" என்று தாங்களே முதலில் சொல்லிவிட்டால் விடுவார்கள். 100 மில்லி திரவக் கட்டுப்பாடு, பயணத்தில் தேவைப்படுகிற மருந்துக்குப் பொருந்தாது. பெட்டியைச் சோதிக்கிற எக்ஸ்ரேயில் இன்சுலின் கெடுவதில்லை. கையில் சர்க்கரை பார்க்கிற சென்சாரோ இடுப்பில் இன்சுலின் பம்ப்போ வைத்திருக்கிறவர்கள் மட்டும் அந்தந்தக் கம்பெனிக் கையேட்டைப் படித்துவிட்டுப் போக வேண்டும். சில கருவிகளை எக்ஸ்ரேயிலும் முழு உடல் ஸ்கேனரிலும் விடக் கூடாது. கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஜெர்மனி போன மாணவி, சின்ன வயதிலிருந்தே இன்சுலின் போடுகிறவள், இந்த வாக்கியங்களை ஆங்கிலத்தில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். "அந்த நேரத்துல எனக்குப் பேச்சு வராதுக்கா" என்றாள். அந்தச் சீட்டின் நகலை அவளைக் கேட்டு வாங்கி வைத்து, இன்று எல்லோருக்கும் கொடுக்கிறேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சிக்கல் வருகிற நேரம் எது என்று கேட்டால், கிளம்புகிற இரவைத்தான் சொல்வேன். சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவைத் தாண்டித்தான் கிளம்புகின்றன. ஏழு மணிக்கே சொந்தபந்தம் வந்து வீடு நிறைந்துவிடும். வழியனுப்பும் பரபரப்பில் பெரியவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஆனால் வழக்கமான ஊசியையோ மாத்திரையையோ முழுதாகப் போட்டுக்கொண்டிருப்பார். ஒன்பதரைக்குக் கார் கிளம்பும். விமானத்தில் சாப்பாடு வரும்போது விடிகாலை நான்கு ஆகலாம். நடுவில் வரிசை, நடை, மூட்டை தூக்கல். இமிக்ரேஷன் வரிசையில் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் காரணம் இதுதான். சர்க்கரை இப்படி இறங்கிப்போகிற லோ சுகர், ஊசி போடுகிறவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறவர்களுக்கும் லோ சுகர் வரும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு அது அரிது. தன் மாத்திரையின் பெயர் தெரிந்தால்தான் இதில் தான் எந்தப் பக்கம் என்று ஒருவருக்குத் தெரியும்.

அதனால் அன்று இரவு எப்போது, எவ்வளவு என்பதை டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பொடி தடவிய இட்லியோ சப்பாத்தியோ கைப்பையில் இருக்கட்டும். மீதமிருந்தால் இறங்கும் முன் சாப்பிட்டுவிடுங்கள். குளுக்கோஸ் பொட்டலம் மேலே வைக்கிற பையில் இருந்து பயனில்லை. சட்டைப் பையில், சேலைக்காரர்களுக்கு மணிபர்ஸில். அளவு 70-க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் குளுக்கோஸ், ஏறத்தாழ 15 கிராம். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு முறை. சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் அது மெதுவாகத்தான் ஏற்றும். பக்கத்து இருக்கைக்காரரிடமும் பணிப்பெண்ணிடமும் "எனக்கு சுகர்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

விமானத்துக்குள் ஊசிக்கு ஒரே விதி: தட்டு எதிரில் வந்த பிறகு போடுங்கள். வண்டி முன்வரிசையில் வருவதைப் பார்த்துப் போட்டுக்கொண்டால், விமானம் குலுங்கத் தொடங்கி வண்டி திரும்பிப் போய்விடலாம். உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம், கிட்டத்தட்ட ஊட்டி உயரம். பேனாவில் ஊசியை மாட்டியபடி விட்டால் காற்று உள்ளே போகும், மருந்து கசியும். போட்டதும் கழற்றிவிட்டு, அடுத்த முறை புது ஊசி மாட்டி இரண்டு யூனிட் வெளியே விட்டுப் பார்த்துப் போட வேண்டும்.

அம்மாக்களிடம் தனியாக ஒன்று கேட்பேன், கூட வந்த ஆண்களைச் சற்று நகரச் சொல்லிவிட்டு. "தண்ணி குடிப்பீங்களா?" பலர் சிரித்து மழுப்புவார்கள். விமானக் கழிப்பறைக்குப் பயந்து, மதியத்திலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். கதவு எப்படித் திறக்கும், உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது, நடுஇருக்கையில் தூங்குகிறவரை எப்படி எழுப்புவது என்று ஆயிரம் தயக்கம். நீர் குறைந்தால் சர்க்கரை ஏறும், மயக்கம் வரும், காலில் ரத்தம் கட்டுகிற வாய்ப்பும் கூடும். அதனால் டிக்கெட் போடும்போதே நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறேன். கழிப்பறைக் கதவை உள்ளே எப்படித் தள்ள வேண்டும் என்று கடையிலேயே கையால் காட்டுவேன். ஒரு அம்மாவுக்கு நூறு மாத்திரை விற்பதைவிட அது பெரிய உதவி.

கால் விஷயமும் அப்படித்தான். மகன் அனுப்பிய புது ஷூவைப் பயணத்தன்று முதன்முதலாகப் போட்டுக்கொள்வார்கள். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தால் இறங்கிய பிறகுதான் தெரியும். பழகிய செருப்பு, சுத்தமான சாக்ஸ், மணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடை. ஏர்போர்ட்டில் நீண்ட தூரம் நடக்க முடியாதவர்கள் சக்கர நாற்காலி கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

நேர வித்தியாசம்தான் எல்லோரையும் குழப்புவது. துபாய்க்கு ஒன்றரை மணி நேரம், சிங்கப்பூருக்கு இரண்டரை; இதற்குப் பெரிய மாற்றம் எதுவும் வேண்டியிருக்காது. கோடையில் நியூயார்க் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். போகிற நாள் 33½ மணி நேரமாக நீளும். கூடுதலாக ஒரு வேளைச் சாப்பாடு வரும். திரும்புகிற நாள் 14½ மணி நேரத்தில் முடிந்துவிடும். போவதற்குத்தான் எல்லோரும் தயாராகிறார்கள். திரும்பி வருவதில்தான் ஆபத்து அதிகம். காலை ஊசி உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே உள்ளூர் கடிகாரத்தைப் பார்த்து இரவு ஊசியைப் போட்டுவிடுவார்கள். சர்க்கரை சடாரென்று இறங்கும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை; அதில் நான் தலையிடுவதில்லை. விமான நேரங்களை ஒரு தாளில் எழுதி, போவதற்கும் வருவதற்கும் தனித்தனியாக, டாக்டரிடம் காட்டச் சொல்வேன். இறங்கும் வரை கைக்கடிகாரம் கிளம்பிய ஊரின் நேரத்திலேயே ஓடட்டும்.

போய்ச் சேர்ந்த பிறகும் என் போன் அடிக்கும். லண்டன் போன ஒரு அம்மா ஒரு நாள் பதறிக்கொண்டு பேசினார். "ஏம்மா, மீட்டர்ல ஏழுதான் காட்டுது. நூத்துக்கு மேல இருந்த சுகர் ஏழா எறங்கிடுச்சே!" மகள் அங்கே வாங்கிக் கொடுத்த மீட்டர் அது. பிரிட்டனிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வேறு அலகில் காட்டும். வருகிற எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு. ஏழு என்றால் 126. அதைக் கேட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. இப்போதெல்லாம் மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் இங்கிருந்தே எடுத்துப் போகச் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடுகிற அன்றே, அவர்களுடைய மாத்திரை அட்டைகளை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் பெயரையும் அவர்கள் வாயாலேயே படிக்கச் சொல்லுங்கள். எதற்கு, எப்போது, எவ்வளவு என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் அருகில் இருக்கிற மருந்துக்கடைக்கு அனுப்புங்கள். சொல்லிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம். "மெட்ஃபார்மின் ஐந்நூறு, சாப்பாட்டோடு ரெண்டு வேளை" என்று ஒரு அம்மா தடுமாறாமல் சொல்லிவிட்டால், அவரைத் தனியாக எந்த நாட்டுக்கும் தைரியமாக அனுப்பலாம்.